ஏடிவி கியர் உரசுகிறதா? முதலில் ஐட்லிங்கைப் பாருங்கள்

ஏடிவியில், அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நாலு சக்கரத் திறந்த வண்டியில், கியர் லிவரை நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்குத் தள்ளும்போது ‘கர்ர்ர்’ என்று பல் உரசுகிறது. அல்லது கியரில் போட்டவுடன், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி முன்னே நகரப் பார்க்கிறது. இந்த இரண்டில் ஒன்று வந்தாலே பலர் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெல்ட்டில் ஓடும் ஏடிவிகளில் கியர் பாக்ஸைத் திறப்பது கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம். அதன் பிறகு பெல்ட், அதன் பிறகு லிவர் கம்பி, அதாவது கியர் லிவரையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கம்பி. இந்த வரிசையில் போனால் வீண் செலவு குறையும்.

விளக்கத்துக்கு போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 வண்டியின் கார்பரேட்டர் மாடலை எடுத்துக்கொள்கிறேன். 1996-இல் அமெரிக்காவில் வந்த இந்த வண்டி அங்கும் கனடாவிலும் பண்ணைகளில் நிறைய ஓடியது. முதன்முதலாக ஏடிவி வாங்குகிறவர்கள் கைக்கு இன்றும் செகண்ட் ஹேண்டில் வந்து சேர்கிறது. ஒரே சிலிண்டர், 499 சிசி, மிகுனி கார்பரேட்டர். வேறு கம்பெனியின் பெல்ட் வண்டியானாலும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும். அவற்றை உங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பைக் போலக் காலால் கியர் மாற்றும் ஏடிவிகளின் கிளட்ச் வேறு வகை, அவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தாது.

ஐட்லிங்குக்கும் கியருக்கும் என்ன தொடர்பு?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இன்ஜின் ஷாஃப்டின் முனையில் முன் கிளட்ச் இருக்கிறது: எதிரெதிராக நிற்கும் இரண்டு சரிவான தட்டுகள், நடுவில் பெல்ட். உள்ளே உள்ள ஸ்பிரிங் அந்தத் தட்டுகளை விலக்கிப் பிடித்திருக்கும். இன்ஜின் வேகம் கூடும்போது உள்ளிருக்கும் எடைகள் வெளிப்பக்கம் விரிந்து ஸ்பிரிங்கை மீறித் தட்டுகளை நெருக்கும். அப்போதுதான் பெல்ட் பிடிபடும், பின்பக்கக் கிளட்ச் சுற்றும், அதனோடு கியர் பாக்ஸின் ஷாஃப்டும் சுற்றும்.

ஐட்லிங் சரியாக இருந்தால் தட்டுகள் விலகியே நிற்கும், கியர் பாக்ஸ் ஷாஃப்ட் அசையாது. லிவரைத் தள்ளினால் ‘டொக்’ என்று ஒரே சத்தத்தில் கியர் விழும். ஐட்லிங் ஏறிவிட்டால் தட்டுகள் பெல்ட்டை அரைகுறையாகப் பிடித்து ஷாஃப்டைச் சுற்றிவிடும். கார் கியர் பாக்ஸில் இருப்பதுபோல வேகத்தைச் சமன் செய்து கொடுக்கும் அமைப்பு இதில் கிடையாது. சுற்றுகிற பல்லும் நிற்கிற பல்லும் நேருக்கு நேர் மோதும். நீங்கள் கேட்கும் ‘கர்ர்ர்’ அதுதான். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் பல் முனை மழுங்கி, கியர் பாக்ஸ் உண்மையிலேயே கெட்டுப்போகும்.

முதல் சோதனை: இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் மாற்றுங்கள்

வண்டியைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ் என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். கியர் விழாவிட்டால் வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே போடுங்கள். பல்லுக்குப் பல் எதிரில் நின்றால் இப்படித் தடுப்பது சகஜம். அப்புறம் இன்ஜினைச் சூடேற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி அதையே செய்யுங்கள்.

அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் உரசினால் கோளாறு ஐட்லிங்கிலோ பெல்ட்டிலோ முன் கிளட்ச்சிலோ இருக்கிறது. அணைத்திருக்கும்போதே முரண்டு பிடித்தால் லிவர் கம்பியையும் கியர் பாக்ஸையும் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் எந்தப் போல்ட்டையும் கழற்றாதீர்கள்.

ஐட்லிங்கை அளந்து பார்ப்பது

காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். பிளக் வயரில் சுற்றினால் சுழற்சியைக் காட்டும் சின்ன மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ்மேன் 500-க்கு ஐட்லிங் நிமிடத்துக்கு 1200 சுற்று. 200 கூடக் குறைய இருக்கலாம். சோக் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும், இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் வைத்த ஐட்லிங் சூடானதும் ஏறிவிடும்.

வேகம் கூடுதலாக இருந்தால் கார்பரேட்டரின் பக்கவாட்டில் உள்ள ஐட்லிங் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருப்பிக் குறையுங்கள். குறைந்து நிலையாக நின்றால், கியர் உரசலும் போய்விட்டால், வேலை முடிந்தது.

குமிழை முழுவதும் தளர்த்தியும் வேகம் இறங்கவில்லை, அல்லது இறக்கினால் இன்ஜின் நின்றுவிடுகிறது என்றால் அடியில் வேறு காரணம் இருக்கிறது. குமிழைக் கூட்டி வைத்து அதை மறைப்பதுதான் கியர் பல்லைக் கெடுக்கும்.

ஐட்லிங் ஏறி நிற்கிறது

முதலில் ஹேண்டில்பார். ஐட்லிங்கில் ஓடும்போது அதைக் கடைசி வரை இடமும் வலமும் திருப்புங்கள். வேகம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. கட்டை விரலால் ஆக்சிலரேட்டர் லிவரைத் தள்ளும்போது கேபிள் இழுபடுவதற்கு முன் ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். அதற்காக ரொம்பவும் தளர்த்தி விடாதீர்கள். இந்த வண்டியின் ஆக்சிலரேட்டர் பெட்டிக்குள் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கேபிள் சிக்கிக்கொண்டால் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. கேபிள் தொளதொளவென்று இருந்தால் கோளாறு இல்லாமலே அது வேலை செய்யத் தொடங்கி, இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும்.

அடுத்தது காற்றுக் கசிவு. கார்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாய் வயதானதும் வெடிப்பு விடும். மேலே பார்த்தால் தெரியாது; கையால் மடக்கிப் பார்த்தால்தான் கீழ்ப்பக்கம் மெல்லிய கோடுகளாகத் திறந்துகொள்ளும். அந்த வழியாகக் கூடுதல் காற்று போவதால், ரேஸ் கொடுத்துவிட்டு விரலை எடுத்தாலும் வேகம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கும். சந்தேகமான இடத்தில், இன்ஜின் சூடேறும் முன், ஐட்லிங்கில் ஓடும்போது தண்ணீரை ஸ்பிரே செய்யுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். இதற்குக் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. வெடித்த குழாயை ஒட்டுப்போட்டு ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

சோக் இழுத்தால்தான் ஐட்லிங்கில் ஓடுகிறது

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் இதுதான் அதிகம். பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த வண்டிகளின் வழக்கமான புகார். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி, கார்பரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட் என்ற சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டை அடைக்கும். ஐட்லிங்குக்கு வேண்டிய பெட்ரோல் முழுவதும் அந்த ஒரு ஜெட்டின் வழியாகத்தான் போகிறது, அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

முதலில் கார்பரேட்டரின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளிருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால், தண்ணீர் இருக்குமானால் அடியில் தெளிவான குமிழ்களாகத் தங்கும். பெட்ரோல் பழுப்பேறி வார்னிஷ் வாடை அடித்தால் டேங்கையும் காலி செய்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்.

அதிலும் சரியாகாவிட்டால் கார்பரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தை எடுத்து, பைலட் ஜெட்டை அளவுக்குச் சரியான ஸ்க்ரூடிரைவரால் வெளியே எடுங்கள். பித்தளை மென்மையானது, அளவு தவறினால் தலை வழுக்கிவிடும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: சுத்தமான ஜெட்டில் ஊசிமுனை அளவுக்கு வட்டமான ஒளிப்புள்ளி தெரியும். புள்ளி நசுங்கியோ மங்கலாகவோ இருந்தால் அடைப்பு இருக்கிறது. கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து எடுங்கள். இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிற்காது.

இன்ஜின் பக்கமாக, கார்பரேட்டரின் அடியில் கலவை ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றுவதானால் முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கைக்கு வெளியே எடுத்தால் போதும்.

பதினைந்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென நிற்கிறதா? டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுக் குழாய் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறது. கறுப்புப் புகையும் நனைந்த பிளக்கும் இருந்தால் அழுக்கேறிய ஏர் ஃபில்டர், அல்லது முழுவதும் உள்ளே போகாத சோக்.

ஐட்லிங் சரி, இன்னும் உரசுகிறது

இப்போது பெல்ட் கவரைக் கழற்றலாம். கவர் இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அறுந்த பெல்ட் கையையோ முகத்தையோ பதம் பார்த்துவிடும்.

உள்ளே கறுப்புத் தூள் படிந்திருப்பது சகஜம். அது முன் கிளட்ச்சின் நகரும் தட்டில் அப்பிக்கொண்டால், வேகம் குறைந்த பிறகும் தட்டு விலகாமல் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கினால் வழுக்கி எரிந்திருக்கிறது. ஒரே இடத்தில் இடுப்பு ஒடுங்கியது போல் தேய்ந்திருந்தால், வண்டி நகராமல் சிக்கிக்கொண்டபோது யாரோ ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் புது பெல்ட்தான் வழி. போடும்போது சுழலும் திசையைக் கவனித்துப் போடுங்கள். புது பெல்ட் போட்டவுடனேயே ஐட்லிங்கில் வண்டி நகர்ந்தால் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. பின் கிளட்ச்சில் அதைத் தளர்த்த வழி உண்டு, அளவு மேனுவலில் இருக்கும்.

ஓடையைக் கடந்த பிறகு ரேஸ் கூடுகிறது, வண்டி நகரவில்லை என்றால் கவருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. கவரின் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து வடியவிட்டு, நியூட்ரலில் போட்டு, இடைவெளி விட்டு விட்டு ரேஸ் கொடுங்கள், பெல்ட் காய்ந்துவிடும். பெல்ட் நீடிக்க வேண்டுமானால், சுமை இழுக்கும்போதும் மணிக்கு 11 கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்து போகும்போதும் லோ கியரையே பயன்படுத்துங்கள்.

இன்ஜினை அணைத்தும் கியர் விழவில்லை

லிவரையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கம்பியின் இரு முனைகளையும் ஆட்டிப் பாருங்கள். முனை தேய்ந்து கடகடத்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, இரு பக்கத்து லாக் நட்டையும் தளர்த்துங்கள். ஒன்றின் மரை இடப்பக்கமாக இருக்கும், எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். கம்பியை ஒரு பக்கம் தடை தெரியும் வரை திருப்பி ஓர் அடையாளம் போடுங்கள். மறுபக்கம் அதே தடை வரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதி அளவு திரும்பி வந்து நட்டை இறுக்குங்கள்.

ரிவர்ஸில் போகும்போது ரேஸ் ஏறாமல் மிஸ்ஸிங் அடிப்பது கோளாறு அல்ல. பின்னால் வேகமாகப் போகாமல் இருக்க வண்டியிலேயே உள்ள கட்டுப்பாடு அது; அதை நீக்க இடது கைப்பிடியருகில் ஒரு பட்டன் இருக்கிறது.

கடைசியாகக் கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். வடிகால் போல்ட்டில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் அளவுக்கு உலோகச் சில்லுகள் இருந்தாலோ, ஓடும்போது கியர் தானாகவே கழன்று விழுந்தாலோ பல் தேய்ந்துவிட்டது. அது ஒர்க்‌ஷாப் வேலை. போகும்போது ஐட்லிங் எத்தனை சுற்று, இன்ஜினை அணைத்தபோது கியர் விழுந்ததா இல்லையா என்ற இரண்டையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.