ஒரே விசை, ஐந்து மரபணுக்கள்: கம்பளி நூலில் மரபுத்தொகுதியை மடித்துப் பார்ப்போம்

1983இல் டச்சு நோயாளி ஒருவரின் தலசீமியாவை, அதாவது பரம்பரையாக வரும் குருதிச்சோகை நோயைப் பற்றி வெளிவந்த ஆய்வு பலரைத் திகைக்க வைத்தது. ஈமோகுளோபினின் ஒரு சங்கிலியை உருவாக்கும் அவருடைய பீற்றா குளோபின் மரபணு பழுதில்லாமல் முழுதாக இருந்தது. ஆனாலும் அது வேலை செய்யவில்லை. அதே நிறமூர்த்தத்தில், அந்த மரபணுவுக்கு வெளியே, ஒரு நீளமான துண்டு காணாமல் போயிருந்தது.

பதுளைப் பக்கத்தில் தலசீமியா புதிய பெயரல்ல. குருநாகல், அநுராதபுரம் போலவே அங்கும் மாதாமாதம் குருதி ஏற்ற வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் மரபுத்தொகுதியின், அதாவது கலத்திலுள்ள முழு டி.என்.ஏ.யின் மடிப்பைப் படிக்க, பீற்றா குளோபினும் அதன் அயல் மரபணுக்களும் சேர்ந்த கூட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எவருக்கும் இது விளங்கும். படிக்காதவர்களும் நூலைக் கையில் எடுத்தால் பாதி விளங்கிவிடும்.

தேவையானவை: நாலரை மீற்றர் கம்பளி நூல், நான்கு நிறத் தையல் நூல், இரண்டு பெரிய பட்டன்கள், ஒரு மோதிரம், உடுப்புக் கிளிப் ஒன்று, அகலமான பேசின் ஒன்று, கோடு போட்ட கொப்பி. நுவரெலியாக்காரர்களுக்குக் கம்பளி நூலுக்கு அலைச்சல் இருக்காது.

படி 1: அளவுத்திட்டம்

5 செ.மீ. நூல் = டி.என்.ஏ.யின் 1,000 எழுத்துகள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். மனிதக் கலம் ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 620 கோடி எழுத்துகள். இந்த அளவுத்திட்டத்தில் அது சுமார் 310 கிலோமீற்றர் நூல். கொழும்பிலிருந்து பதுளை வரை போகும் ரயில் பாதையே 290 கிலோமீற்றர்தான். அவ்வளவும் அடங்க வேண்டிய கரு, இதே கணக்கில், ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் அகலமான ஓர் உருண்டை. ஆகவே டி.என்.ஏ. மடியாமல் இருக்க வழியே இல்லை. எங்கே, எப்படி மடிகிறது என்பதுதான் விஷயம்.

(உண்மையில் முதல் மடிப்பு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி நடக்கிறது, ஒரு சுருளுக்கு 147 எழுத்துகள். அதை இங்கே விட்டுவிடுவோம். கையால் செய்ய முடியாத அளவுக்கு நுணுக்கம்.)

படி 2: அடையாளம் கட்டுதல்

நூலின் ஒரு முனையிலிருந்து அளந்து, 10 செ.மீ.இலும் 440 செ.மீ.இலும் பட்டன்களைக் கட்டுங்கள். இடையில் தையல் நூலால் அடையாளம் போடுங்கள்: 60இல் கறுப்பு, 115இல் பச்சை, 190இலும் 215இலும் மஞ்சள், 290இலும் 330இலும் சிவப்பு. தையல் நூலை மெல்லிசாகக் கட்டுங்கள். தடித்த முடிச்சு அடுத்த படியில் மோதிரத்துக்குள் சிக்கி எரிச்சலைக் கிளப்பும்.

கறுப்பு என்பது கட்டுப்பாட்டுப் பகுதி, அதாவது விசை. பச்சை, எப்சிலன் குளோபின்: முளையத்தின் முதல் வாரங்களில் வேலை செய்வது. மஞ்சள் இரண்டும் காமா: கருப்பையில் வளரும் சிசுவுக்கு. சிவப்பில் முதலாவது டெல்ற்றா, அது கொஞ்சமாகத்தான் உற்பத்தி செய்யும். கடைசிச் சிவப்புத்தான் நாம் பெரியவர்களான பிறகு நம்பியிருக்கும் பீற்றா. ஐந்துக்கும் ஒரே விசை. டச்சு நோயாளியிடம் தொலைந்த துண்டில் அந்தக் கறுப்புப் பகுதியும் அடங்கியிருந்தது.

கறுப்புக்கும் பீற்றாவுக்கும் நடுவே 270 செ.மீ. இருக்கிறது பாருங்கள், ஏறக்குறைய 54,000 எழுத்துகள்.

படி 3: மோதிரம்

இரண்டு பட்டன்களுக்கும் இடையில் ஓரிடத்தில் நூலை மடித்து, மடிப்பை மோதிரத்துக்குள் நுழையுங்கள். பிறகு மடிப்பை மெதுவாக இழுங்கள். கண்ணி பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு பக்கம் பட்டன் வந்து மோதினால் அந்தப் பக்கம் நிற்கும், மறுபக்கம் தொடர்ந்து வரும். கடைசியில் இரு பட்டன்களும் மோதிரத்தில் முட்டி நிற்கும்.

மோதிரம் கோஹெசின் என்ற புரதம். பட்டன்கள் சி.டி.சி.எஃப். என்ற புரதம் உட்காரும் இடங்கள். உண்மையான சி.டி.சி.எஃப்.க்கு திசை உண்டு: இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால்தான் பெரும்பாலும் கண்ணி நிலைக்கும். 2014இல் வெளிவந்த விரிவான வரைபடங்களில் இந்த ஒழுங்கு பளிச்சென்று தெரிந்தது. பட்டனுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லாததால், நம் மாதிரியில் அதைக் காட்ட முடியாது.

படி 4: கிளிப்

இப்போது விசையும் ஐந்து மரபணுக்களும் ஒரே கண்ணிக்குள். கறுப்பையும் மஞ்சளையும் கிளிப்பால் சேருங்கள்: இது சிசு. கிளிப்பைக் கழற்றிக் கறுப்பையும் 330இலுள்ள சிவப்பையும் சேருங்கள்: இது பெரியவர். மஞ்சளைப் பிடித்திருக்கும்போது சிவப்பு எங்கே தொங்குகிறது என்று கவனியுங்கள். ஒன்று விசையோடு சேர்ந்தால் மற்றது விலகுகிறது. முறைவைத்து இயங்குவதற்கு மடிப்பு உதவுவது இப்படித்தான்.

பிறந்த பிறகு காமாவை அடக்குவதில் முக்கியமான புரதம் பி.சி.எல்.11ஏ. இந்தப் புரதத்தைச் செங்குருதிக் கலங்களின் மூதாதைகளில் குறைத்தால் காமா மறுபடி எழும்பும். தலசீமியாவுக்கு 2023இல் பிரித்தானியா அனுமதித்த காஸ்கெவி என்ற மரபணுச் சிகிச்சையின் அடிப்படை அதுவே.

மடிப்பு காரணமா, வெறும் விளைவா? நல்ல கேள்வி. 2014இல் ஒரு பரிசோதனையில், பெரியவர்களின் செங்குருதி முன்னோடிக் கலங்களில் விசையைக் காமாவோடு வலிந்து பிணைத்தார்கள், நம் கிளிப்பைப் போல. தூங்கிக் கிடந்த காமா இயங்கத் தொடங்கியது. ஆனால் 2017இல் வேறொரு வகைக் கலத்தில் கோஹெசினை முழுவதும் அகற்றியபோது, கண்ணிகள் எல்லாம் மறைந்தும் பெரும்பாலான மரபணுக்களின் இயக்கம் அதிகம் மாறவில்லை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். "மடிப்பே எல்லாம்" என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. கிளிப் இருந்தும் அந்தக் கலத்துக்குரிய புரதங்கள் இல்லையென்றால் மரபணு அசையாது.

படி 5: எண்ணிப் பார்த்தல்

மோதிரத்தையும் கிளிப்பையும் கழற்றுங்கள். நூலைச் சுருட்டிப் பேசினுக்குள் போடுங்கள். எந்த இரு நிற அடையாளங்கள் ஒரு விரல் அகலத்துக்குள் கிடக்கின்றனவோ, அவற்றுக்குக் கொப்பியில் ஒரு கோடு. இருபது தடவை போட்டு எண்ணுங்கள். பிறகு மோதிரத்தை மாட்டி, கறுப்பையும் 330இலுள்ள சிவப்பையும் கிளிப்பால் சேர்த்து இன்னும் இருபது.

முதல் அட்டவணையில் மஞ்சள்-மஞ்சள் போன்ற பக்கத்து அடையாளங்களுக்கே கோடுகள் குவியும். அதில் ஆச்சரியமில்லை, நூலில் அவை அயலவர்கள். இரண்டாவதில் கறுப்பு-சிவப்புக் கட்டம் மட்டும் திடீரென்று நிரம்பும். தூரத்தை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதே தடயம்.

2009இல் வந்த ஹை-சி முறையும் இதையே கோடிக்கணக்கில் செய்கிறது: போமல்டிகைட்டால் கலத்தை உறையவைத்து, நொதியத்தால் டி.என்.ஏ.யை வெட்டி, அருகருகே இருக்கும் முனைகளை ஒட்டி, ஒட்டிய சோடிகளை வாசித்து எண்ணுகிறார்கள்.

படி 6: வேறு நிறமூர்த்தம்

இதுவரை பார்த்தது 11ஆம் நிறமூர்த்தம். ஈமோகுளோபினுக்கு அல்பா சங்கிலியும் வேண்டும், அதன் மரபணுக்கள் இருப்பது 16இல். இரண்டும் அளவோடு சேர்ந்து ஓட வேண்டும். பீற்றா குறைந்தால் மிஞ்சும் அல்பா கலத்தையே கெடுக்கும். எலிகளின் செங்குருதி முன்னோடிக் கலங்களில் 2010இல் செய்த ஆய்வு, கே.எல்.எஃப்.1 என்ற புரதம் ஆளும் மரபணுக்கள், வெவ்வேறு நிறமூர்த்தங்களில் இருந்தாலும், ஒரே இடத்தில் அடிக்கடி கூடுவதைக் காட்டியது. எல்லாக் கலத்திலும் அல்ல, எல்லா நேரத்திலும் அல்ல. இரண்டாவது நூல் ஒன்று எடுத்து அதையும் பேசினுக்குள் போட்டால் இந்த "அடிக்கடி"யின் பொருள் கைக்குத் தெரியும்.

தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையப் பக்கம் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று: தேயிலையிலும் 15 சோடி நிறமூர்த்தங்கள் மடிந்துதான் கிடக்கின்றன. ஆனால் தாவரங்களில் சி.டி.சி.எஃப். கிடையாது. ஆகவே கொழுந்துக்கு இந்த மாதிரியைச் செய்வதென்றால் முதலில் பட்டன்களைக் கழற்றிவிடுங்கள்.