கண் காசநோய்: ஸ்கேன் படங்களில் எங்கே ஏமாறுகிறோம்?

காசநோய் என்றதும் இருமலும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு தடவைகூட இருமாதவருக்கும் அது கண்ணுக்குள் வரலாம். விழித்திரைக்குப் பின்னால், ரத்தக்குழாய்கள் அடர்ந்த கோராய்டு படலத்தில்தான் அது பெரும்பாலும் குடியேறுகிறது.

ஸ்கேன் சொல்வதே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எந்தக் கருவியும் கிருமியைப் படம் பிடிப்பதில்லை. அது கிளப்பிய அழற்சியைத்தான் காட்டுகிறது. பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து படரும் கோராய்டு அழற்சியைப் பார்த்தால் நம் நாட்டு மருத்துவர்கள் முதலில் காசநோயைச் சந்தேகிப்பார்கள். அது நியாயமே. ஆனால் பால்வினை நோயான சிபிலிஸும், உறுப்புகளில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸும் இதே கோலத்தில் வருவதுண்டு. அதனால்தான் கண் டாக்டர் மாண்டூ (தோலில் ஊசி போட்டுப் பார்ப்பது) அல்லது இக்ரா (ரத்தத்தில் பார்ப்பது) என்ற காசநோய்ப் பரிசோதனை, நெஞ்சு சிடி, சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை என்று எழுதித் தருகிறார். கண்ணுக்கு எதற்கு நெஞ்சு சிடி என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் காசநோய் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. இதையெல்லாம் பார்க்காமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கொஞ்ச நாள் பார்வை தெளியும், பிறகு நோய் திரும்பி வரும்.

படத்தில் கருப்பு நிறத்தைக் கண்டு மிரள்வது இன்னொரு தவறு. விழித்திரை தானாகவே வெளியிடும் மெல்லிய ஒளியைப் பதியும் ஆட்டோஃப்ளூரசன்ஸ் படத்துக்கு ஊசி, சாயம் எதுவும் வேண்டாம். அழற்சி தீவிரமாக இருக்கும்போது புண்ணின் ஓரம் கலங்கலாகப் பளிச்சிடும். ஆறத் தொடங்கியதும் அந்த வெளிச்சத்தைச் சுற்றி மெல்லிய கருங்கோடு விழும். முழுக்க ஆறிய பிறகு அந்த இடமே கருத்துவிடும். "போன மாசம் வெள்ளையா இருந்துச்சு, இப்ப கருப்பாயிடுச்சே" என்று பதறுகிறவர்கள் பார்ப்பது தழும்பைத்தான். ஐசிஜி என்ற சாயத்தை ஊசியில் ஏற்றிக் கோராய்டைப் படம் எடுக்கும் ஐசிஜி ஆஞ்சியோவில் கதையே வேறு: அங்கே கரும்புள்ளி உயிருள்ள அழற்சியாகவும் இருக்கலாம். எந்த முறையில் எடுத்த படம் என்று தெரியாமல் நிறத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் படம் முன்பைவிட மோசமாகத் தெரிவதும் உண்டு. கிருமிகள் சாகும்போது உடலின் எதிர்ப்பு பொங்குவதால் பெரும்பாலும் இப்படி ஆகிறது. டாக்டர் ஸ்டீராய்டைக் கூட்டக்கூடும். காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

காசநோயோடு தொடர்புபடுத்தப்படும் ஈல்ஸ் நோயில் (விழித்திரை ரத்தக்குழாய் அழற்சி) சிக்கல் விழித்திரையின் ஓரங்களில் தொடங்குகிறது. நடுப்பகுதியை மட்டும் எடுத்த படம் அதைக் கோட்டைவிடும். அகலக் கோணப் படம் வேண்டும். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து கேமராவுக்கு எதுவும் தெரியாமல் போனால் பி-ஸ்கேன் என்ற கண் அல்ட்ராசவுண்ட் எடுத்து, விழித்திரை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சாய ஆஞ்சியோவுக்குப் போகும்போது ஒவ்வாமை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயம் ஏற்றினால் மறுநாள் வரை சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஏற்கெனவே ஆரஞ்சாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தவரை ஒரே இயந்திரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

காசநோய் சிகிச்சைக்குத் தரும் எத்தம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பையே பாதிக்கும். அதனால் மாத்திரை தொடங்கும்போதே பார்வைக் கூர்மை, வண்ணப் பார்வை, பார்வைப் புலம் (பார்வை எட்டும் பரப்பு), நரம்பின் ஓசிடி (ஒளியால் அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஸ்கேன்) ஆகியவற்றைப் பதிந்து வைப்பது நல்லது. ஓசிடியில் நரம்பு மெலிவது தெரிவதற்கு முன்பே வண்ணங்கள் மங்கலாம். சிவப்பு வெளிறித் தெரிந்தால் அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.