ஜெரோமுக்கு முந்தைய லத்தீன் விவிலியத்தைத் தேடுவது எப்படி?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ‘பழைய லத்தீன்’ என்பது, பெரும்பாலும் ஜெரோம் என்ற அறிஞரின் உழைப்பில் உருவான ‘வுல்காத்தா’ என்ற லத்தீன் விவிலியத்துக்கு முன்பே புழங்கிய லத்தீன் மொழிபெயர்ப்புகளுக்கான பெயர். அது ஒரே ஆள் உட்கார்ந்து எழுதி முடித்த நூல் கிடையாது. 2ஆம் நூற்றாண்டிலிருந்து வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று ஆங்காங்கே பலர் கிரேக்கத்திலிருந்து பெயர்த்துப் பெயர்த்துச் சேர்ந்தது. கிரேக்கச் சுவடி ஒன்று கையில் கிடைத்து, இரண்டு மொழியும் கொஞ்சம் தெரியும் என்று நினைத்தவரெல்லாம் மொழிபெயர்க்கத் துணிந்துவிட்டார்கள் என்று ஜெரோமின் காலத்து ஆயர் அகுஸ்தினாரே அலுத்துக்கொள்கிறார். அதனால் தனிப் புத்தகமாகத் தேடாதீர்கள், எச்சங்களாகத் தேடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? டிசம்பர் வந்தால் வேளாங்கண்ணியிலிருந்து பூண்டி வரைக்கும் குடில் பக்கத்தில் ‘குளோரியா இன் எக்செல்சிஸ் தேயோ’ (உன்னதத்தில் கடவுளுக்கு மாட்சி) என்று எழுதி ஒட்டியிருப்பார்களே, அதுவே போதும். போனில் லத்தீன் வுல்காத்தாவைத் திறந்து லூக்கா 2:14 பாருங்கள். அங்கே ‘எக்செல்சிஸ்’ இருக்காது, ‘அல்திசிமிஸ்’ என்றுதான் இருக்கும். ஒட்டியவர்கள் மேல் தப்பில்லை. ஜெரோம் 380களில் நற்செய்திகளைத் திருத்துவதற்கு முன்பே மக்கள் வாயில் பழகிப்போன வாசகம் அது, வழிபாட்டில் அப்படியே தங்கிவிட்டது.

அப்புறம் பரலோக மந்திரம், அதாவது இயேசு கற்பித்த செபம். லத்தீன் பூசை கேட்டு வளர்ந்த பெரியவர் யாராவது உங்கள் பங்கில் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். அப்பம் கேட்கும் வரியில் ‘கொத்திதியானும்’ (அன்றாட) என்பார். வுல்காத்தாவில் மத்தேயு 6:11இல் ‘சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்’ (பொருள்நிலையைக் கடந்த) என்று ஒரு முழநீளச் சொல். லூக்கா 11:3க்குப் போனால் மறுபடி பழைய ‘கொத்திதியானும்’! கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். ஜெரோம் லூக்காவில் மட்டும் ஏன் கைவைக்காமல் விட்டார் என்று நீங்களே யோசியுங்கள்.

பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டுமென்றால் அதே வுல்காத்தாவில் சாலமோனின் ஞானம், சீராக், மக்கபேயர் நூல்களுக்குப் போங்கள். அவற்றை ஜெரோம் மொழிபெயர்க்கவில்லை, அங்கே இருப்பது பெரும்பாலும் பழைய லத்தீன்தான். பொருள் புரியத் தமிழ் விவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கத்தோலிக்கப் பதிப்பாக இருக்கட்டும். தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் வீடுகளில் இருக்கும் வேதாகமத்தில் பொதுவாக இந்த நூல்கள் இருக்காது.

இன்னும் பின்னால் போக ஆசையிருந்தால் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானின் எழுத்துகளைப் பிடியுங்கள். 258இல் இறந்தவர், வரிக்கு வரி மேற்கோள் காட்டுவார். அவர் மேற்கோளையும் வுல்காத்தா வசனத்தையும் அருகருகே வைத்தாலே வித்தியாசம் தெரியும். திருப்பாடல்களை ஒப்பிடும்போது மட்டும் எண்ணைக் கவனியுங்கள், நம் 23 வுல்காத்தாவில் 22.