நவஹோ செம்மறி ரோமம்: கத்தரிப்பது முதல் விற்பது வரை

அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அங்கே ஆடு வளர்க்கும் குடும்பங்கள் ரோமத்தை மொத்தமாக எடைக்குப் போட்டால், சில சமயம் கத்தரிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது. குறை ஆட்டில் இல்லை, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணிப்பதில்தான். அவர்களுக்கு உதவப் போகிறவர் முதலில் பழக வேண்டியது ரகம் பிரிப்பதை.

முதலில் ஆட்டின் தோள்பக்கத்தில் ஒரு கொத்தை விரித்துப் பாருங்கள். வெளியே ஓரடி வரை நீளும் முரட்டு முடி, உள்ளே 3 முதல் 5 அங்குல மென்மயிர் என்று இரண்டு அடுக்கு இருந்தால் அது நவஹோ சுர்ரோ. 1930களில் அரசு நடத்திய மந்தைக் குறைப்பு இந்த இனத்தைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டது. 1977இல் கால்நடை அறிவியலாளர் லைல் மெக்நீல் தொடங்கிய மீட்புப் பணியும், ஆடுகளை விடாமல் காத்த குடும்பங்களும்தான் அதைப் பிழைக்க வைத்தார்கள். இதன் ரோமத்தில் பிசுக்கு குறைவு, அலசக் கொஞ்சம் தண்ணீர் போதும். லாரியில் தண்ணீர் சுமந்து வரும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

மெல்லிய ரோமம் தரும் ரம்புயே என்ற செம்மறி இனத்தின் கலப்பு ஆட்டு ரோமம் வேறு, அங்கோரா வெள்ளாட்டு முடி வேறு. மூன்றையும் கலக்கவே கூடாது.

சரி, கத்தரிக்கும் நாளுக்கு வருவோம். ஆடு நனைந்திருந்தால் தள்ளிப்போடுங்கள், ஈர ரோமம் பூஞ்சை பிடிக்கும். சுத்தமான பலகைமேல் வெள்ளை ஆடுகளை முதலில் கத்தரித்து, பெருக்கிவிட்டு, அப்புறம் நிற ஆடுகளுக்குப் போங்கள். கத்தரி ஒரே இழுப்பில் தோலை ஒட்டிப் போகட்டும். விட்டதை மறுபடி வெட்டினால் விழும் துணுக்குகள் நூலில் முடிச்சாக நிற்கும்.

கம்பிவலை மேசையில் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி விரித்து உதறுங்கள். வயிற்று ரோமம், சாணம் ஒட்டிய ஓரம், முள் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். வைக்கோல் கட்டின பிளாஸ்டிக் கயிற்றில் ஒரு இழைகூடத் தங்கக் கூடாது. அது சாயம் ஏறாமல், நெய்த துணியில் தனியாகத் தெரியும்.

மந்தை ஒன்றானாலும் ஒவ்வொரு ஆட்டுக்கும் வீட்டில் ஒரு சொந்தக்காரர் இருக்கக்கூடும். பாட்டியின் ஆடு, பேரனின் ஆடு என்று கேட்டு, தனித்தனியாகச் சுருட்டி, பெயர், நிறம், எடை எழுதி வையுங்கள். மூட்டை கட்டும் முன் வீட்டில் தறி போடுபவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

மெல்லிய ரோமத்தைப் பல குடும்பங்கள் சேர்ந்து விற்பது நல்லது. மில்காரர்களுக்கு அளவு வேண்டும், பரிசோதனைக்கூடத்தில் இழைத் தடிமன் பார்த்த சீட்டும் இருந்தால் பேரம் பேசலாம். சுர்ரோவை அந்தக் குவியலில் போட்டுவிடாதீர்கள். கையால் நூற்பவர்களும் கம்பள நெசவாளர்களும் அதை ஒவ்வொரு ஆட்டின் ரோமமாகப் பார்த்து, நிறம் பார்த்து வாங்குவார்கள்.

கழித்த ரோமத்தைச் செடிகளின் தூரில் பரப்புங்கள். மண்ணின் ஈரம் சீக்கிரம் போகாது.