சுகர் "பார்டர்ல இருக்கு"ன்னு சொன்னா அப்பவே என்ன பண்ணணும்

போன வருஷம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல எனக்கு ஃபாஸ்டிங் (வெறும் வயித்து சுகர்) 112, ஹெச்பிஏ1சி (சராசரி சுகரைக் காட்டற ரத்த டெஸ்ட்) 6.1னு வந்துச்சு. பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டுல "பார்டர்லதானே, ஸ்வீட்டை மட்டும் நிறுத்து போதும்"னு சொல்லிட்டாங்க. எங்கப்பாவுக்கும் இதேதான் சொன்னாங்க, அவரு ஏழெட்டு வருஷம் டெஸ்டே எடுக்காம விட்டுட்டாரு, கடைசியில கால் மரத்துப்போயி செருப்பு கடிச்ச புண்ணு பழுத்தது கூட தெரியாம இருந்து, ஆஸ்பத்திரி போனப்பதான் சுகர் 300க்கு மேலன்னு தெரிஞ்சுது. அதனால பார்டர்னு வந்தவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க.

முதல்ல நம்பர். வெறும் வயித்துல 100க்கு கீழ நார்மல், 100ல இருந்து 125 வரைக்கும் பார்டர், 126 தொட்டா சுகர், இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணுவாங்க. ஹெச்பிஏ1சி 5.7க்கு கீழ நார்மல், 5.7ல இருந்து 6.4 வரைக்கும் பார்டர், 6.5ல இருந்து சுகர். இது கடைசி ரெண்டு மூணு மாச சராசரிங்கறதால டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் வாயைக் கட்டினாலும் பிரயோஜனம் இல்ல. ரத்த சோகை இருந்தா இந்த நம்பர் தப்பா காட்டலாம், பொம்பளைங்க ஹீமோகுளோபினையும் சேர்த்து பாத்துக்கோங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா, சாப்பிடற சோறு இட்லி எல்லாம் குளுக்கோஸா ரத்தத்துல சேருது, அதை செல்லுக்குள்ள அனுப்ப இன்சுலின் வேணும். வயித்துலயும் ஈரல்லயும் கொழுப்பு சேர சேர அந்த இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேக்காது, கணையம் இன்னும் அதிகமா சுரந்து ஈடுகட்டும், ஒரு கட்டத்துல அதால முடியாம போயிடும். அது ஈடுகட்டிட்டு இருக்கற காலம்தான் பார்டர், பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது. (பெரும்பாலும் சின்ன வயசுலயே வர்ற டைப் 1 வேற, அதை சாப்பாட்டால தடுக்க முடியாது. நான் சொல்றது டைப் 2.)

இன்னைக்கே டெய்லர் டேப் எடுத்து தொப்புள் கிட்ட சுத்தி அளந்து பாருங்க, வயித்தை எக்காம, மூச்சை விட்டுட்டு. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா கவனிக்கணும். கை கால் ஒல்லியா இருந்து தொப்பை மட்டும் இருக்கறவங்க நம்மள்ல நிறைய, "நான் குண்டு இல்லயே"ன்னு ஏமாறாதீங்க.

சாப்பாட்டுல நான் மாத்தினது வரிசையைத்தான். முதல்ல பொரியல், அப்புறம் பருப்பு இல்லைன்னா முட்டை, சோறு கடைசியில, தட்டுல கால்வாசிக்கு மேல போகாம. தர்ஷினில (எங்க ஊர் நின்னு சாப்பிடற டிபன் கடை) காராபாத்தும் கேசரிபாத்தும் சேர்த்து வைக்கற சௌசௌ பாத் வாங்கினா, காராபாத்தும் ரவை, கேசரிபாத்தும் ரவை, அதுல சக்கரை வேற, காலையிலயே இது வேணாம்ங்க. ராகி நல்லதுன்னு வெல்லம் போட்டு மால்ட்டா குடிக்கறாங்க, அது ரொம்ப சீக்கிரம் சுகரை ஏத்திடும், அதுக்கு பதிலா களியா கிண்டி கீரை மசியலோட அளவா சாப்பிடலாம். குளிர் காலத்துல அவரேகாளு (பச்சை மொச்சை மாதிரி அவரை விதை) வந்தா விடாதீங்க, வேக வச்சு சுண்டலா தாளிச்சா சாயங்காலம் போண்டா பக்கமே போகத் தோணாது.

நடக்கறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் நம்பறேன். சாப்பிட்டு முடிச்சு 15 நிமிஷம் நடந்தா தசை அந்த குளுக்கோஸை நேரா இழுத்துக்கும். வொயிட்ஃபீல்டு டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து வந்துட்டு, சாப்பிட்டு அப்படியே படுக்கறதை நிறுத்தினதுலயே எனக்கு பாதி வித்தியாசம் தெரிஞ்சுது. இப்ப நைட் சாப்பிட்டதும் நானும் என் வீட்டுக்காரரும் தெருவை நாலு சுத்து சுத்தறோம், ஞாயித்துக்கிழமை அல்சூர் ஏரி. அமெரிக்காவுல 2002ல வெளிவந்த பெரிய ஆராய்ச்சில வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சி, எடையில 7 சதவீதம் குறைக்கறதுன்னு இலக்கு வச்சவங்களுக்கு சுகர் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் டீம் நம்ம ஆளுங்க கிட்டயே பண்ணி 2006ல வெளியிட்டதுலயும் 28.5 சதவீதம் குறைஞ்சுது.

அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்தாலோ, கர்ப்பமா இருக்கறப்ப உங்களுக்கு வந்திருந்தாலோ, டெஸ்டை தள்ளிப்போடாதீங்க. மாத்திரை சாப்பிடறவங்க யார் சொன்னாலும் டாக்டரை கேக்காம நிறுத்தாதீங்க.

பார்டர்ல இருக்கறவங்க வருஷம் ஒரு தடவையாவது டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க. முந்தின நாள் நைட் 9 மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சுடுங்க, காலையில தண்ணி குடிக்கலாம், காபி மட்டும் ரத்தம் குடுத்துட்டு வந்து. என்னோட ஃபாஸ்டிங் போன மாசம் 97 வந்துச்சு, அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு போறேன்.