புதுச் சாலை போடும்போது நடப்பவரை மறந்துவிடும் தவறுகள்

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கத்தில் மருந்துக் கடை இருக்கிறது. சாலை குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் அம்மா தானே போய் மாத்திரை வாங்கி வருவார். அதை அகலப்படுத்தி, புதுத் தார் போட்டு, வெள்ளைக் கோடும் இழுத்த பிறகு அவர் போவதில்லை. வண்டிகள் வரும் வேகத்தைப் பார்த்தால் காலை எடுத்து வைக்கவே பயமாக இருக்கிறது என்கிறார். அதிலிருந்துதான் சென்னையில் எங்கே சாலைச் சீரமைப்பு நடந்தாலும் நின்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் அவை வரைபடத்திலேயே நடந்துவிடுகின்றன. நடைபாதை ஓரத்தில் கெர்ப் கல் பதித்த பிறகு யாராலும் திருத்த முடிவதில்லை.

கணக்கெடுப்பிலேயே கோணல் ஆரம்பிக்கிறது. காலையிலும் மாலையிலும் ஆட்களை நிறுத்தி கார், பைக், பேருந்து என்று எண்ணுகிறார்கள். சாலையைக் குறுக்கே கடப்பவர்களை எண்ணுவதில்லை. எண்ணப்படாதவருக்கு வரைபடத்தில் இடமும் கிடைக்காது. பள்ளி விடும் நேரம், கோயில் விசேஷ நாள், ரேஷன் கடையில் பொருள் போடும் நாள் என்று பார்த்து எண்ண வேண்டும். சாலை நடுவே பிரிக்கும் மீடியன் கம்பியை எங்கே வளைத்து ஆள் நுழையும் சந்து செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கடக்கும் இடம் அங்கேதான் வேண்டும். அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு, 300 மீட்டர் தள்ளி ஜீப்ரா கோடு போட்டால் யாரும் அங்கே போக மாட்டார்கள். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து திரும்பி வர யாருக்குத் தெம்பு இருக்கிறது?

அடுத்தது, பலகை வைத்தால் வேகம் குறையும் என்ற நம்பிக்கை. சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2023-லேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் நேராக, அகலமாக, வழுவழுவென்று ஒரு தெரு நீண்டு கிடந்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். இந்த வேக வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் 30-இல் வரும் கார் சுமார் 13 மீட்டருக்குள் முழுதாக நின்றுவிடும். 50-இல் வருபவரோ அந்த 13 மீட்டரைத் தாண்டும்போது இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். அவர் நிற்க மொத்தம் 28 மீட்டர்போல ஆகும். நடுவில் நிற்பவர் பிழைப்பதும் பிழைக்காததும் இதில்தான் இருக்கிறது.

ஆக, வேகத்தைக் குறைக்கும் வேலையைச் சாலையின் அளவுகளே செய்ய வேண்டும். நகருக்குள் ஒரு தடத்துக்கு, அதாவது ஒரு வரிசை வண்டி போகும் அகலத்துக்கு, 3.5 மீட்டர் கொடுக்கும் இடத்தில் 3 மீட்டர் கொடுத்தாலே ஓட்டுபவர் நிதானிப்பார். மிச்சப்படும் அகலம் நடைபாதைக்குப் போகும். முனைத் திருப்பங்களைப் பெரிய வளைவாகச் செதுக்கிவிட்டால் வண்டி வேகம் குறையாமலே திரும்பும். வளைவை இறுக்கமாக வைக்க வேண்டும். சிக்னலுக்கு நிற்காமலே இடப்பக்கம் திரும்ப 'ஃப்ரீ லெஃப்ட்' என்று ஒன்றைக் கொடுப்பது எனக்குப் பெரிய குற்றமாகவே படுகிறது. சிக்னலில் மற்ற எல்லாத் திசையும் நின்றாலும் அங்கே மட்டும் வண்டி வந்துகொண்டே இருக்கும். நடப்பவருக்குப் பச்சை என்று ஒரு நேரமே இல்லாமல் போய்விடுகிறது.

வேகத்தடை பற்றியும் சொல்ல வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு அதற்குத் தெளிவான அளவு வைத்திருக்கிறது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். இதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நாம் பார்ப்பதோ ஓரிரவில் கொட்டிய தார் மேடு, அல்லது வரிசையாக ஆணியடித்த பிளாஸ்டிக் பட்டை. பிள்ளைத்தாய்ச்சியின் இடுப்பு ஒடிகிறது, ஆம்புலன்ஸ் தவிக்கிறது, பைக்காரர் ஓரமாக நெளிந்து போகிறார்.

இதைவிட நல்லது, கடக்கும் இடத்தையே நடைபாதையின் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் உயர்த்தி மேசைபோலக் கட்டுவது. நடப்பவர் இறங்காமலே கடப்பார், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் தடை இருக்காது. அப்புறம், ஒரே திசையில் இரண்டு தடங்கள் இருந்தால் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதல் தடத்தில் பேருந்து நமக்காக நிற்கும்; நாமும் நம்பி நடப்போம்; அதன் மறைவிலிருந்து இரண்டாம் தடத்தில் பைக் பாய்ந்து வரும். வண்டிகள் நிற்க வேண்டிய கோட்டை, நாம் கடக்கும் இடத்திலிருந்து சில மீட்டர் பின்னால் போட்டால் அந்த மறைவு விலகும். பேருந்து நிறுத்தத்துக்கும் இதே நியாயம்தான். இறங்கியவர்கள் பேருந்தின் பின்னால் கடக்கும்படி ஜீப்ரா அமைய வேண்டும், முன்னால் அமையக்கூடாது.

நடு மீடியனை உயரமாகக் கட்டி வழி விடாமல் விடுவதும் சகஜம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறும் பெண்களைப் பார்த்தால் மனம் பதறும். அங்கே 2 மீட்டர் அளவுக்குத் தரைமட்டத்தில் நின்று இளைப்பாற இடம் விட்டால், ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். சிக்னல் நேரத்தையும் வேகமாக நடப்பவரை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 நொடியில் கடப்பார். என் அம்மாவின் நடை நொடிக்கு 0.8 மீட்டர்தான். அவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும்.

உடனே "நடைமேம்பாலம் கட்டிவிடலாமே" என்பார்கள். தி.நகரில் 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை நன்றாகப் பயன்படுகிறது, உண்மைதான். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் அது இணைக்கிறது. ரயிலை விட்டு இறங்குபவர் எப்படியும் படி ஏறியாக வேண்டும். ஆனால் எதிர்க் கடைக்குப் போக இரண்டு மாடி ஏறி இறங்கச் சொன்னால், முடிந்தவர் கீழேயே ஓடுவார், முடியாதவர் வீட்டிலேயே இருப்பார்.

நடைபாதையில் பைக் ஏறாமல் இருக்க நடும் தூண்களில் ஒரு சிக்கல் உண்டு. சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதில் பைக்கும் நுழைந்துவிடும். பைக்கைத் தடுக்கிறேன் என்று நெருக்கி நட்டுவிட்டு, நாற்காலியில் வருபவரை நடுத்தெருவில் இறக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இடைவெளியை விட்டுவிட்டு, பைக்கைப் போலீஸ் பார்த்துத் தடுக்கட்டும். தெருவோர வியாபாரிகளுக்கும் வரைபடத்திலேயே இடம் குறித்துவிட வேண்டும். பூக்கடையும் இளநீர் வண்டியும் இருக்கும் தெருவில்தான் இரவு எட்டு மணிக்கும் ஒரு பெண் பயமில்லாமல் நடக்கிறாள். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்த பிறகு, உட்கார்ந்து பேசுபவர்களும் விளையாடும் குழந்தைகளுமாக மாலை நேரம் எப்படி மாறியது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக மழையும் தாரும். மேசைபோல உயர்த்திய கடவையின் இரு ஓரத்திலும் தண்ணீர் ஓட வழி விடாவிட்டால், ஐப்பசி மழையில் அதுவே அணையாகிவிடும். பிறகு மக்கள் கோபத்தில் அதை இடிக்கச் சொல்வார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடும் பழக்கம் இன்னும் மோசம். சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று 2021-இல் அரசே அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு அடுக்கு 5 சென்டிமீட்டர் என்றால், மூன்றே அடுக்கில் அந்த 15 சென்டிமீட்டர் கடவை தரையோடு தரையாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ பொறுப்பான அரசு அமைப்பு, ஆலோசகர், ஒப்பந்ததாரர் யாராக இருந்தாலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் தெருவுக்கு வேலை வருகிறது என்றால் வார்டு அலுவலகத்தில், சாலையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோலக் காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். தடத்தின் அகலம், கடவையின் உயரம், வேலை முடிந்த பிறகு சாலை இருக்கும் மட்டம் ஆகிய மூன்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள், தோண்டுவதற்கு முன்னால்.