மவுண்ட் ஸ்டூவர்ட்டைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய பியூட் தீவில், ரோத்சே துறையில் ஃபெர்ரியை விட்டு இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வியே தவறு. "கோட்டைக்கு எப்படிப் போக வேண்டும்?" என்றேன். வழி சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. சில நிமிட நடையில் அகழி சூழ்ந்த ஒரு வட்டக் கோட்டையின் முன்னால் நின்றேன். 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, அருமையானதுதான். ஆனால் நான் தேடி வந்த மவுண்ட் ஸ்டூவர்ட் அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் இருந்தது. அது ஒரு வீடு.

பெயர்க் குழப்பம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் விக்டோரியா காலத்து மாளிகை என்றதும் நம் மனத்தில் எழுவது பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் பால்மோரல்: 1856-இல் கட்டி முடிக்கப்பட்டது, வெளிறிய கிரானைட் கல், மூலைக்கு மூலை கூம்புத் தொப்பி போட்ட சிறு கோபுரங்கள். போருக்கு வேலையில்லாத காலத்தில் போர்க்கோட்டை வேடம் போட்ட வீடு அது. அந்தப் படத்தோடு பியூட் தீவுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மவுண்ட் ஸ்டூவர்ட் செம்மணற்கல்லில் எழுந்த கோதிக் மாளிகை, அதாவது ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களின் பாணி. அதன் கூர்வளைவுகளைப் பார்க்கும்போது ஸ்காட்லாந்து மலைநாட்டைவிட இத்தாலியும் ஸ்பெயினும்தான் நினைவுக்கு வருகின்றன.

கூர்வளைவைக் கண்டதும் "எத்தனை நூறு ஆண்டு பழையது!" என்று வியப்பது அடுத்த தவறு. இங்கே முன்பு நின்றது 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய எளிய வீடு. 1877 டிசம்பரில் அதன் நடுப்பகுதி எரிந்து போயிற்று. மூன்றாம் பியூட் மார்க்வெஸ் (பிரபுப் பட்டம் அது) ஜான் கிரைட்டன்-ஸ்டூவர்ட், எடின்பரோ கட்டடக் கலைஞர் ராபர்ட் ரோவண்ட் ஆண்டர்சனை அழைத்து இன்றைய மாளிகையைக் கட்டவைத்தார். தீயிலிருந்து தப்பிய இரண்டு பக்கச் சிறகுகள் இன்றும் இருக்கின்றன. வேலைக்காரர்களுக்காகப் பிற்காலத்தில் ஒட்டவைத்த கட்டடம் என்று பலர் அவற்றைக் கண்டுகொள்ளாமல் கடக்கிறார்கள். உண்மையில் அவைதான் மூத்தவை. நடுவில் நிற்கும் பிரம்மாண்டம் இளையது.

தோற்றம் இடைக்காலம் என்பதால் வாழ்க்கையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் நடந்திருக்கும் என்று எண்ணக் கூடாது. மின்விளக்கு, நடுவண் வெப்ப வசதி, மின்தூக்கி, தொலைபேசி எல்லாம் இந்த வீட்டுக்கு வந்துவிட்டன. கீழ்த்தளத்தில் கோதிக் வளைவுகளுக்கு அடியில் வெந்நீர் நீச்சல் குளம்கூட உண்டு. இதைக் கேட்டதும் சிலர் எதிர்த் திசையில் வழுக்கி, "உலகிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த வீடு" என்று எழுதிவிடுகிறார்கள். வட இங்கிலாந்தில் இருக்கும் கிராக்சைடு மாளிகையில் நீராற்றல் மின்சாரத்தால் 1878-லேயே விளக்கு எரிந்தது. மின்விளக்கையும் மனத்தில் வைத்தே திட்டமிட்ட ஸ்காட்லாந்து வீடுகளில் முதல் வரிசையில் நிற்பது என்று சொன்னால் போதும். பெருமைக்கு அது குறைவா?

நடுக்கூடமான மார்பிள் ஹாலில் பெரும்பாலோர் செய்வது, நுழைந்ததும் சலவைக்கல் தூண்களைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்வது. பொறுங்கள். கூடத்தின் உயரம் 80 அடி. உச்சி விதானத்தில் விண்மீன் கூட்டங்கள், மேல் சன்னல்களின் வண்ணக் கண்ணாடியில் பன்னிரு ராசிகள். வெயில் அடிக்கும்போது கண்ணாடியின் நிறங்கள் சலவைக்கல்லில் விழுந்து மெதுவாக நகர்கின்றன. வெறும் அலங்காரம் என்று இதைப் பார்த்தால் வீட்டுக்காரரைத் தவறவிட்டுவிடுவீர்கள். பல மொழிகள் கற்றவர், 21 வயதில் கத்தோலிக்கராக மாறியவர், கத்தோலிக்கக் குருக்கள் நாள்தோறும் சொல்லும் மன்றாட்டு நூலான ரோமானியத் திருப்புகழ்மாலையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், சோதிடத்திலும் ஆவி ஆய்விலும் ஈடுபாடு கொண்டவர். அவர் மனத்தில் இருந்ததெல்லாம் இங்கே கூரையில் ஏறியிருக்கிறது.

இன்னோர் அறைக்கு ஹாரஸ்கோப் ரூம் (ஜாதக அறை) என்றே பெயர். அவர் பிறந்த 1847 செப்டம்பர் 12 அன்று கோள்கள் நின்ற நிலை அதன் விதானத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பார்த்ததும் நம் ஜாதகக் கட்டத்தை வைத்துப் பலன் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். மேற்கத்தியக் கணக்கு சாயனம், ராசிகளைச் சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணுவது; நம்முடையது நிரயணம், நிலையான விண்மீன்களை வைத்து எண்ணுவது. அவர்கள் கணக்கில் அன்று சூரியன் கன்னியில். நம் பஞ்சாங்கப்படி அது ஆவணி மாதம், சூரியன் சிம்மத்தில். நான் அந்த விதானத்தின் கீழே நின்று, ஓவியர் ஒரு ராசி பிசகிவிட்டார் என்று சில நிமிடம் மனதுக்குள் வாதாடினேன். பிசகியவன் நான்.

எல்லாவற்றையும் ஆண்டர்சன் ஒருவர் கணக்கில் எழுதுவதும் தவறு. இதே பிரபுவுக்காகக் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் வேல்ஸில் இருக்கும் கார்டிஃப் கோட்டையை வண்ணமயமாக மாற்றிக்கொண்டிருந்தார். பர்ஜஸ் 1881-இல் இறந்துவிட்டார். அவரோடு வேலை செய்த கைகள் சில பியூட்டுக்கு வந்தன. கூடத்தின் விண்மீன்களில் தெரியும் ஓவியர் ஹொரேஷியோ லான்ஸ்டேலின் கை அவற்றில் ஒன்று. வெளிப்புறம் சற்றுக் கண்டிப்பாகவும் உள்புறம் கனவு போலவும் இருப்பதன் காரணம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. தீவின் ஆடு மேய்ச்சல் நிலம் இத்தனை சலவைக்கல்லை வாங்கித் தராது. பிரபுவின் தந்தையான இரண்டாம் மார்க்வெஸ் கார்டிஃபில் கட்டிய கப்பல்துறை 1839-இல் திறக்கப்பட்டது. தெற்கு வேல்ஸ் நிலக்கரி அதன் வழியாக உலகெங்கும் போயிற்று. ஓரிடத்துக் கரி, இன்னோரிடத்தில் வெண்கல்லாயிற்று.

சில இடங்களில் செதுக்காமல் விட்ட கல் கண்ணில் படும். பராமரிப்பு இல்லை என்று முணுமுணுக்காதீர்கள். 1900-இல் பிரபு இறந்தபோது வீடு முடிந்திருக்கவில்லை.

நடைமுறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கரையில் இருக்கும் வெமிஸ் பேயிலிருந்து ஃபெர்ரி அரை மணிக்குச் சற்று அதிகம். கடைசி ஃபெர்ரி நேரத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. வீடு ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை, நாளை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சிற்றாலயத்தைக் காலையிலேயே பார்த்து முடித்துவிடவும் வேண்டாம். ஸ்பெயினின் ஸரகோஸா தேவாலயத்தின் எண்கோண விளக்குக்கூண்டை முன்மாதிரியாகக் கொண்டு கட்டிய இடம் அது. உள்ளே முழுக்க வெண்சலவைக்கல், மேலே சிவப்புக் கண்ணாடி. மேகம் இருந்தால் வெறும் வெள்ளை அறை. நண்பகல் வாக்கில் போய் ஓரமாக உட்காருங்கள். மேகம் விலகும் சில நிமிடங்களுக்கு அந்த வெள்ளை முழுவதும் சிவக்கிறது.